காலுக்குக் கீழே நான்கு அங்குலம்

அமெரிக்க வீடுகளில் எவரும் அழகு பார்க்காத இடம் ஒன்று உண்டென்றால் அது கராஜின் தரைதான். வரவேற்பறையின் மரத்தளத்துக்கு மெருகேற்றுவார்கள். சமையலறை மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்க மூன்று வார இறுதிகளைச் செலவிடுவார்கள். கராஜின் சாம்பல் நிறக் கான்கிரீட்டை மட்டும், வீடு வாங்கும்போதுகூட, யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பழைய எண்ணெய்க் கறைகளும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு காரோடு வந்து உருகிக் காய்ந்த வெண்திட்டுகளுமாக அது பாட்டுக்குக் கிடக்கிறது. அதன்மேல் காரை நிறுத்துகிறோம், அது தாங்குகிறது. தாங்குவதாலேயே அதை மறந்தும் போகிறோம்.

எங்கள் வீடு மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வடமேற்கே இருக்கிறது. கார் செய்வதே குலத்தொழிலாகிவிட்ட பகுதி இது. வீட்டைத் தொட்டுக்கொள்ளாமல் தனியாக நிற்கிறது கராஜ். முன்பிருந்தவர் இழுவை வண்டியில் ஏற்றிய படகை நிறுத்துவதற்காக அதன் கூரையை 12 அடி உயரத்துக்கு எழுப்பியிருந்தார். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் என் மகனுக்கு ஆசை பிறந்தது. பத்தொன்பது வயது. தன் சம்பாத்தியத்தில் 1990-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கி வந்திருந்தான். இரண்டே இருக்கைகள் கொண்ட குட்டிக் கார். அடிப்பாகம் முழுவதும் துரு. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, முதுகால் ஊர்ந்து உள்ளே போய் ஒரு பனிக்காலம் முழுக்க வேலை செய்தான். அதன் பிறகுதான் இரண்டு தூண்களும் நான்கு கைகளும் கொண்ட லிஃப்ட் பற்றிய பேச்சு வந்தது. மெக்கானிக் ஷெட்டுகளில் காரை ஆளுயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தும் அதே சாதனம்தான். இந்நாட்டில் வீட்டுக்கும் வாங்கிப் போடுகிறார்கள்.

லிஃப்டின் விலை, நிறம், கொள்ளளவு ஆகியவற்றைப் பற்றி இரவு உணவின்போது மகன் விரிவாகப் பேசினான். நான் தரையைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பா, இந்தக் காரோட எடையே 2200 பவுண்டுதான். நம்ம வேன் அதைப் போல ரெண்டு மடங்கு. அது தினமும் அந்தத் தரைலதானே நிக்குது?"

கேட்பதற்கு நியாயமான வாதம். பலரும் இந்த இடத்தில்தான் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நிற்கிற காரின் எடை நான்கு சக்கரங்களின் வழியாகக் கீழ்நோக்கி மட்டுமே இறங்குகிறது. அமுக்கத்தைத் தாங்குவதென்றால் கான்கிரீட் மகா கெட்டிக்காரன். லிஃப்டின் கதை வேறு. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது ஒன்று. அதே குடத்தைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. கையை நீட்டியவுடன் கால்விரல்கள் தரையை அழுத்தும். குதிகால் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். லிஃப்டின் தூணும் அப்படித்தான். காரின் முன்பாரமும் பின்பாரமும் சற்றே ஏறுமாறாக அமைந்தாலும், இறுகிய நட்டு ஒன்றைக் கழற்ற மேலே ஸ்பேனரைப் போட்டு இழுத்தாலும், தூணின் அடித்தகடு ஒரு பக்கம் தரையை அழுத்தும், மறுபக்கம் எழ முயலும். அப்படி எழ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை, கான்கிரீட்டில் துளையிட்டு இறக்கிய, முக்கால் அங்குலக் கனமுள்ள ஆங்கர் போல்டுகள்.

இழுவிசையில் கான்கிரீட் பரம ஏழை. அமுக்கத்தில் அது தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் இழுக்கும்போது தாங்கும். அதனால் பாரம் மிஞ்சும்போது போல்ட் மட்டும் உருவிக்கொண்டு வருவதில்லை. மரக்கன்றைப் பிடுங்கினால் வேரோடு மண் வருவதைப் போல, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கூம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். போல்ட் ஆழமாக இறங்கியிருந்தால் கூம்பு பெரிதாகும். பெரிய கூம்பைப் பெயர்ப்பது கடினம். தரை மெல்லிதாக இருந்தால் கூம்புக்கு இடமே இல்லை.

என் மனைவி இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "காரை மேல தூக்கினப்புறம் நீங்க ரெண்டு பேரும் அதுக்குக் கீழதானே நிப்பீங்க?" அதன் பிறகு விலையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேச எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

லிஃப்டோடு வரும் கையேட்டை வாங்குவதற்கு முன்பே படித்துவிட முடியும். படித்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்த லிஃப்டுக்குத் தரை குறைந்தது 4 அங்குலக் கனம் இருக்க வேண்டும். கான்கிரீட்டின் வலிமை சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு இருக்க வேண்டும். நம்மூர்க் கணக்கில் எம்20, எம்25 என்று சொல்லும் தரத்துக்கு அருகில் வரும். புதிதாகப் போட்ட தளமானால் 28 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். விரிசல், விளிம்பு, வெட்டுக்கோடு எதுவும் போல்டுக்கு 6 அங்குலத்துக்குள் வரக் கூடாது.

வெட்டுக்கோடு என்பதைச் சற்று விளக்க வேண்டும். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் எங்காவது விரிசல் விடும். அதைத் தடுக்க முடியாதென்பதால், தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு முன்கூட்டியே நேர்கோடு கிழித்து, விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும்படி செய்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் அலங்காரக் கோடு. உள்ளே அது ஒரு பிளவு. நூல் அடித்து, மூலைமட்டம் பார்த்து, தூண்கள் நிற்க வேண்டிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். வலப்பக்கத் தூணின் இரண்டு போல்டுகளுக்கு 3 அங்குலத் தொலைவில் அப்படியொரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

கனத்தை அளக்கும் வித்தையைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். முப்பது ஆண்டுகள் கார்த் தொழிற்சாலையில் கருவிகள் செய்து ஓய்வு பெற்றவர். டிரில்லால் சிறு துளை ஒன்றை மண் தட்டும் வரை போட வேண்டும். நுனியை வளைத்த கம்பியை அதற்குள் விட்டு, கான்கிரீட்டின் அடிவிளிம்பில் மாட்டி இழுத்துப் பிடித்து, தரைமட்டத்தில் அடையாளம் செய்து அளக்க வேண்டும். ஆனால் துளை போடுவதற்கு முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளச் சொன்னார். டெக்சாஸ் போன்ற இடங்களில், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் களிமண்மேல் வீடு கட்டுகிறார்கள். அங்கே தளத்துக்குள் எஃகு வடங்களை ஓட்டி, கான்கிரீட் இறுகியபின் ஒவ்வொரு வடத்தையும் 33,000 பவுண்டு அளவுக்கு இழுத்துப் பூட்டியிருப்பார்கள். டிரில் அதன்மேல் பட்டு வடம் அறுந்தால் தளத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். டாலஸில் வசிக்கும் நண்பரின் கராஜில், வெட்டவோ துளைக்கவோ கூடாதென்ற எச்சரிக்கையைத் தரையிலேயே பதித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் அந்த வழக்கம் அரிது. நகராட்சியில் வீட்டின் பழைய வரைபடத்தைப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே டிரில்லைக் கையிலெடுத்தோம்.

நான்கு துளைகள். கதவோரம் நாலே கால் அங்குலம். இடப்பக்கத் தூண் நிற்கும் இடத்தில் சரியாக நான்கு. வலப்பக்கத்தில் மூன்றரை. வலப்பக்கத்திலேயே, சுவரை விட்டு உள்ளே தள்ளிப் போட்ட துளையில் மூன்று.

பெரியவர் வியப்படையவில்லை. தளத்தின் ஓரம் கட்ட இங்கே பயன்படுத்தும் மரச்சட்டத்துக்கு நான்கு அங்குலச் சட்டம் என்று பெயர். இழைத்து முடித்தபின் அதன் உண்மை அளவு மூன்றரைதான். சட்டத்தின் மட்டத்துக்குக் கான்கிரீட் ஊற்றினால் மூன்றரைதான் கிடைக்கும். அடியில் பரப்பிய ஜல்லி நடுவில் கொஞ்சம் மேடாக இருந்துவிட்டால் அங்கே அதுவும் இல்லை. பிறகு அவர் சிறு சுத்தியலை எடுத்துத் தரையெங்கும் தட்டிக்கொண்டே நடந்தார். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அதே செவிதான். ஒரு பக்கம் 'ணங்' என்று கெட்டியாக ஒலித்த தரை, வலப்பக்கம் வந்ததும் 'தொம்' என்றது. அடியில் மண் இறங்கி, தளம் அந்தரத்தில் நிற்கிறது என்றார்.

"எல்லாரும் இப்படித்தான் நேரா போல்ட் அடிச்சு வைக்கிறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றான் மகன். எனக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. நம்மூரிலும் தலைக்கவசம் போடாதவரிலிருந்து, தூண் எழுப்பாமல் மாடிமேல் மாடி கட்டுபவர் வரை எல்லோரும் சொல்வதுதான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது தரையைப் பற்றிய செய்தி ஆகாது. இதுவரை ஏறிய பாரத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. இன்று மியாட்டாவைத் தூக்கும் லிஃப்ட் நாளை வேனைத் தூக்கும். நாளை மறுநாள் அவன் சினேகிதன் ஒருவனின் லாரி போன்ற வண்டியைத் தூக்கும். தரைக்கு அது தெரியாது. போல்டே தேவைப்படாத நான்கு தூண் லிஃப்டும் உண்டு. அதில் கார் தன் சக்கரங்களின் மேலேயே நிற்பதால் பாரம் கீழ்நோக்கி மட்டும் இறங்கும். ஆனால் சக்கரங்கள் தொங்கினால்தான் மகன் செய்ய நினைத்த சஸ்பென்ஷன் வேலையைச் செய்ய முடியும். ஆக, எங்களுக்கு மிஞ்சியது ஒரே வழி. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்த தரையை உடைப்பது.

தூணுக்கு ஒன்றாக, 4 அடிக்கு 4 அடி என்று இரண்டு சதுரங்கள். கான்கிரீட் வெட்டும் ரம்பத்தை வாடகைக்கு எடுத்தோம். வெட்டும்போது பிளேடின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு தணிய மட்டுமல்ல, தூசி அடங்கவும்தான். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியேறுவதில்லை. அமெரிக்கக் கட்டடத் தொழிலாளர்களைக் காப்பதற்கான கடுமையான சிலிக்கா விதிமுறை வந்ததே 2016-ல்தான். நம்மூரில் கல் உடைப்பவர்களும், கிரானைட் அறுப்பவர்களும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது நினைவுக்கு வந்தது. நல்ல முகமூடிகள் இரண்டு வாங்கி மாட்டிக்கொண்டோம்.

வலப்பக்கச் சதுரத்தின் முதல் துண்டைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டியபோதுதான் அதைப் பார்த்தோம். தளத்துக்கு வலுவூட்டக் கம்பிவலை போட்டதாக வரைபடத்தில் இருந்தது. போட்டும் இருந்தார்கள். ஆனால் வலை கான்கிரீட்டுக்குள் இல்லை. அதற்குக் கீழே, மண்ணில் கிடந்தது. தொட்டால் உதிரும் துருவாக, பழைய மீன்வலைபோலச் சுருண்டிருந்தது. கான்கிரீட் ஊற்றும்போது ஆட்கள் வலையின் மேல் நடந்திருக்கிறார்கள். ஊற்ற ஊற்றக் கொக்கியால் அதைத் தூக்கி நடுவில் நிறுத்த வேண்டும். அல்லது முதலிலேயே அடியில் கட்டைகள் வைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் இடையே என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இத்தனை ஆண்டுகளாக வேன் நின்றது இதன்மேல்தான். மகன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து வேலை செய்வதைக் கார்த் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்த நகரம் எங்களிடமிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது. டெட்ராய்ட்டின் பாக்கார்டு கார் ஆலைக்காக ஆல்பர்ட் கான் 1905-ல் கட்டிய பத்தாம் எண் கட்டடம், அங்கே இரும்பிட்ட கான்கிரீட்டில் எழுந்த முன்னோடித் தொழிற்சாலைகளில் ஒன்று. அவருடைய தம்பி ஜூலியஸ் கான் பொறியாளர். கம்பியின் ஓரங்களைச் சிறகுபோல் வெட்டி மேல்நோக்கி வளைத்து, உத்திரத்தில் எந்த இடத்தில் விசை குறுக்காகக் கிழிக்க வருகிறதோ அந்த இடத்துக்கே இரும்பைக் கொண்டுசேர்த்தவர். இரும்பு எவ்வளவு போட்டோம் என்பதைவிட எங்கே போட்டோம் என்பதுதான் முக்கியம் என்பதே அவருடைய முறையின் சாரம். அந்த ஆலையில் கார் உற்பத்தி 1950-களில் நின்றது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள், கூரை ஒழுகி, ஜன்னல்கள் உடைந்து, கவனிப்பாரற்று அந்தக் கட்டடங்கள் நின்றன. 2022-ல் இடிக்கத் தொடங்கி 2024-க்குள் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். அவை தாமாக விழவில்லை. இயந்திரம் வைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது.

ஓர் அடி ஆழம் தோண்டினோம். பழைய தளத்தின் விளிம்புக்கு அடியிலும் நான்கு புறமும் சில அங்குலம் குடைந்தோம். புதிய கான்கிரீட் அதற்குள் நுழைந்துகொண்டால் மேலே எழ முடியாது. அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, மறுபடி இறுக்கினோம். அரை அங்குலக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓர் அடி இடைவெளியில் கட்டி, கீழே ஒரு வலையும் மேலே ஒரு வலையுமாக வைத்தோம். கம்பி மண்ணைத் தொடாமலிருக்க அடியில் சிறு சிமென்ட் கட்டைகள். சின்ன வயதில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது, பள்ளி விட்டு வந்ததும் கொத்தனாருக்கு அந்தக் கட்டைகளை வார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. சிமென்ட் பாலின் ஈரத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி வெயிலில் வைக்கும் அந்த விளையாட்டின் பயன், புரட்டிப் போட்ட அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

சதுரம் ஒன்றுக்கு 16 கன அடி. 80 பவுண்டு மூட்டை ஒன்றைக் கரைத்தால் 0.6 கன அடிதான் கிடைக்கும். இரண்டு சதுரங்களுக்கும் 54 மூட்டைகள். குடைந்த இடத்தையும் சேர்த்து 60 வாங்கினோம். இரண்டு டன்னுக்கு மேல். வாடகைக் கலவை இயந்திரம் ஒன்று, நாங்கள் மூவர், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று.

கலவையில் தண்ணீர் குறைவாக இருந்தால் மண்வெட்டிக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் பாயசம்போல் ஓடி எல்லா மூலைக்கும் தானே போய்ச் சேரும். களைத்த கைகள் கேட்பதெல்லாம் அந்த இன்னும் கொஞ்சத்தைத்தான். சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஏராளமான கலவைகளைச் சோதித்து 1918-ல் வெளியிட்ட முடிவு எளிமையானது: சிமென்ட்டின் அளவுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதே கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிக்கிறது; தண்ணீர் கூடினால் வலிமை குறையும். நாற்பதாவது மூட்டையின்போது மகன் குழாயை நோக்கி நகர்ந்தான். பிறகு அவனாகவே நின்று, அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு வந்தான். மூலைகளில் கலவையைக் கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினோம். மணியாசுக் கட்டையால் பழைய தரையின் மட்டத்துக்கு இழுத்துவிட்டபோது மாலை ஏழு மணி.

அடுத்து வந்தவை 28 நாட்கள்.

கான்கிரீட் காய்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். அது காய்வதில்லை, காயவிடவும் கூடாது. சிமென்ட் தண்ணீரோடு கூடி வேறொரு பொருளாக மாறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் முன்னதாக ஆவியாகிவிட்டால் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும். ஊரில் மாடித் தளம் போட்டபின் சுற்றிலும் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். அப்பா விடிவதற்கு முன் எழுந்து, கிணற்றிலிருந்து இறைத்து, ஏணிமேல் ஏறிப் பாத்திகளை நிரப்பிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவார். காக்கைகள் அதில் குளிக்கும். இங்கே நான் கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அலுவலகம் போகும் முன்பும் வந்த பின்பும் தண்ணீர் தெளித்தேன். முதல் ஏழு நாட்களுக்குள்ளேயே முழு வலிமையில் பாதிக்கு மேல் வந்துவிடும். இதைப் படித்துவிட்டு மகன் எட்டாம் நாளே லிஃப்டைப் பிரித்து வைத்தான். மீதிதான் மெதுவாக வரும். நாம் நம்பி நிற்கப்போவது அந்த மீதியையும் சேர்த்துத்தான் என்றேன். முகம் சுளித்தான், ஆனால் மறுநாள் காலை நான் எழுந்து போவதற்குள் சாக்கு நனைந்திருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் தூண்களை நிறுத்தினோம். கராஜின் தரை தண்ணீர் வடிவதற்காகக் கதவுப் பக்கம் சற்றே சரிந்திருக்கும். அந்தச் சரிவை ஈடுகட்டத் தூணுக்கு அடியில் மெல்லிய இரும்புத் தகடுகளைச் செருகி, ரசமட்டம் வைத்துச் செங்குத்து பார்த்தோம். துளை போட்டபின் உள்ளே தங்கும் தூளை ஒட்ட ஊதி எடுப்பது சில்லறை வேலையாகத் தோன்றும். தூளின் மேல் இறுக்கிய போல்ட் கான்கிரீட்டைப் பிடிப்பதில்லை, தூளைத்தான் பிடிக்கிறது. ஒவ்வொரு துளையையும் தூரிகையால் தேய்த்து இரண்டு முறை ஊதினோம். கையேடு சொன்ன முறுக்கத்துக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால், ஒவ்வொரு போல்டையும் இறுக்கினான் மகன். சொன்ன அளவு வந்ததும் ஸ்பேனர் 'டிக்' என்று ஒலிக்கும். பத்து போல்டுகள், பத்து ஒலிகள். ஒன்றுகூடச் சுற்றிக்கொண்டே போகவில்லை.

வெறும் லிஃப்டை முதலில் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தோம். பிறகு மியாட்டாவை ஏற்றி, சக்கரங்கள் தரையை விட்டு ஒரு கையளவு எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து ஆட்டினோம். இறக்கி, போல்டுகளை மறுபடியும் சோதித்தோம். அதன் பிறகே தலைக்கு மேல் ஏற்றிப் பூட்டில் உட்கார வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் காரைப் பார்க்கவில்லை. அடித்தகட்டின் ஓரத்தில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, மயிரிழை விரிசல் ஏதேனும் ஓடுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் வாங்க எண்ணியிருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், கடைக்குப் போகும் முன் ஒரு டிரில்லும், நுனி வளைத்த ஒரு கம்பியும் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் தரை நன்றாகவே இருக்கலாம். இடப்பக்கத் தூணின் கீழே எங்கள் தரையும் நன்றாகத்தான் இருந்தது. உடைத்தபோது அங்கே நான்கு அங்குலக் கெட்டிக் கான்கிரீட்டும், அதன் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில், துருவேறாத கம்பிவலையும் இருந்தன. ஒரே நாளில் ஒரே ஆட்கள் போட்ட தளம்தான் அது. பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு வேறு தரைகள். மேலிருந்து பார்த்தால் ஒரே சாம்பல் நிறம்.

துருப்பிடித்த அந்த வலையின் துண்டு ஒன்றை மகன் எறியவில்லை. கராஜ் சுவரில், ஸ்பேனர்கள் தொங்கும் வரிசையின் கடைசியில், ஆணியடித்து மாட்டியிருக்கிறான். அதன் பக்கத்தில் ஒரு காகிதம்: போல்டுகளைச் சோதித்த தேதிகள், அவன் கையெழுத்தில். போன மாதத் தேதியும் அதில் இருக்கிறது.